ஒரு மதிப்பெண் கேள்வி

ஜூன் 3, செவ்வாய்

காரின் தகுதிச் சான்று இந்த மாத நடுவில் முடிகிறது. பழைய வண்டிகளை ஆண்டுக்கொரு முறை சோதனை நிலையத்தில் காட்டி, சாலையில் ஓடத் தகுந்ததுதான் என்று எழுதி வாங்க வேண்டும். எங்கள் வண்டிக்குப் பத்தொன்பது வயது. மனிதருக்கு அந்த வயதில் எல்லாரும் வாழ்த்துச் சொல்கிறார்கள். வண்டிக்கு அந்த வயதில் எல்லாரும் குனிந்து அடியில் பார்க்கிறார்கள்.

இந்த முறை எனக்கு ஒரு சின்ன உறுத்தல். சென்ற சோதனைக்குப் பிறகு நான்கு சக்கரத்துக்கும் ஸ்பிரிங் மாற்றியிருக்கிறோம். என் மனைவிக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை நடந்தபோது டாக்டர் ஒரே ஒரு கட்டளை போட்டார்: முழங்காலைவிடத் தாழ்ந்த இருக்கையில் உட்காரவே கூடாது. எங்கள் காரோ ஆண்டுக்கணக்கில் ஸ்பிரிங் அமுங்கி, தரையோடு தரையாகப் பதுங்கிக் கிடந்தது. அதில் ஏறுவது தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்குவது போல. மெக்கானிக் ஒரு வழி சொன்னார். அவருக்கு முப்பத்தைந்து வயதுதான். ஆனால் தெருவே சித்தப்பா என்கிறது, நானும் அப்படியே கூப்பிடுகிறேன். வேறு கம்பெனியின் உயரமான ஸ்பிரிங்குகளையும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பர்களையும் போட்டுவிட்டு, "ரெண்டு இன்ச் ஏத்தியாச்சு சார். அம்மா இனிமே நாற்காலியில உக்கார்ற மாதிரி உக்காரலாம்" என்றார். அப்படித்தான் உட்கார்கிறாள். முதலில் இடுப்பை வைத்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பி, "ம், போகலாம்" என்பாள், ஏதோ நான்தான் தாமதம் செய்தது போல.

கேள்வி என்னவென்றால், வண்டியோடு வராத ஸ்பிரிங் சட்டப்படி சரியா? விதியைத் தேடிப் படித்தேன். தேய்ந்த பாகத்துக்குப் பதிலாக அதே தரத்தில் வேறு கம்பெனிப் பாகம் போடலாம், தடையில்லை. ஆனால் வண்டியின் உயரத்தை மாற்றும் நோக்கத்தோடு போட்டால், அங்கீகாரம் பெற்ற பொறியாளர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பதிலி வேறு, மாற்றம் வேறு. செருப்பு அறுந்து வேறு செருப்பு வாங்கினால் அது பதிலி. குள்ளமாகத் தெரிகிறோம் என்று குதிகால் உயர்ந்த செருப்பு வாங்கினால் அது மாற்றம். எங்கள் ஸ்பிரிங் எந்தச் செருப்பு? அறுந்ததும் உண்மை. உயரம் வேண்டியிருந்ததும் உண்மை.

வகுப்பில் நடத்த நல்ல எடுத்துக்காட்டு. வகுப்புதான் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

அக்காவைப் பார்த்துவிட்டு வந்தோம். அக்கா என்றால் அவளுடைய அக்கா. மலைச்சாலையைத் தாண்டி இரண்டு மணி நேரம் போனால், நினைவு மங்கியவர்களுக்கான இல்லம். அங்கே மாடியில் ஓர் அறையில் இருக்கிறார். கணவர் இறந்ததை மறந்துவிட்டார். குடியிருந்த வீடுகளெல்லாம் கலந்து ஒரே வீடாகிவிட்டன. தங்கையை மட்டும் கைப்பிடி போலப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

கதவைத் திறந்ததுமே, "வாடி. வழி தெரிஞ்சுதா?" வாரா வாரம் இதுதான் முதல் வசனம்.

"நீ போடற சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது. வழி எதுக்கு?" என்றாள் இவள்.

பிறகு என் பக்கம் திரும்பி, "வாங்க இலக்கணம். இன்னும் இவளத் திருத்தி முடிக்கலையா?" நான் மொழிப்பாடம் நடத்திய வாத்தியார் என்பதால், கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அங்கே அதுதான் பெயர். என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை. சொல்லச் சொன்னால் இப்போது தெரியாமலும் போகலாம்.

இவள் தலையை அக்கா பின்னிவிட்டார். அறுபத்தேழு வயதுக்காரிக்கு எழுபத்திரண்டு வயதுக்காரி. "ஆடாதடி, கோணலாயிடும். சின்ன வயசுலேருந்து உனக்கு ஒரு எடத்துல உக்காரத் தெரியாது." இவள் ஆடவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள்.

கிளம்பும்போது செவிலி வாசல் வரை வந்தார். "நீங்க வாரம் தவறாம வர்றதுதாம்மா அவங்களுக்கு மருந்து. பாத்துக்கிட்டே இருக்கிற முகம்தான் மனசுல நிக்கும். போன்ல குரல் மட்டும் கேட்டா குழம்பிடறாங்க."

இரவு இவள் பின்னலை அவிழ்க்காமலே படுத்துவிட்டாள்.

ஜூன் 11, புதன்

சோதனைக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வண்டியைச் சித்தப்பா பட்டறையில் விட்டேன். பிரேக், விளக்கு, புகை எல்லாம் பார்த்துவிட்டு, கையைத் துணியில் துடைத்தபடி சொன்னார்:

"சார், அங்க ஸ்பிரிங்கப் பத்திக் கேட்டாங்கன்னா, 'பழசு தேஞ்சுபோச்சு, புதுசு போட்டேன்'னு சொல்லுங்க. அதோட நிறுத்திக்குங்க."

"அது பாதி உண்மை ஆகாதா?"

"அவங்க கேக்கறதும் பாதிக் கேள்விதான் சார்."

சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் வழியெல்லாம் யோசனை. பாதி உண்மை என்பது பாதிப் பாலம். பாதி தூரம் நன்றாகத்தான் நடக்கலாம்.

வீட்டில் இதைச் சொன்னேன். "அவர் சொன்னபடி சொல்லிட்டு வாங்க" என்றாள். "வண்டிக்கு பிரேக் பாத்தாரே, உங்க வாய்க்கும் ஒண்ணு மாட்டிவிடச் சொல்லியிருக்கலாம்."

ஜூன் 13, வெள்ளி

வண்டி தேறவில்லை.

நடந்ததை முழுதாக எழுதிவிடுகிறேன்.

பிரேக் நன்றாக இருந்தது. விளக்கு, ஸ்டியரிங், டயர், புகை எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்றாகச் சரி விழுந்தது. சோதனை செய்தவர் ஓர் இளம் பெண், என்னிடம் படித்தவர்களின் மகள் வயது. வண்டிக்கு அடியிலிருந்த பள்ளத்தில் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மேலே வந்தார். "ஸ்பிரிங் வண்டியோட வந்தது இல்லையே. மாத்தினீங்களா?" என்று கேட்டார். கேட்கும்போதே அவர் பேனா 'சரி' என்ற கட்டத்தின் மேல் நின்றது. அதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் வாயைத் திறந்தேன்.

மாத்தினீங்களா. பேச்சில் அந்தச் சொல் இரண்டு பொருளைச் சுமக்கிறது. பல்பு மாத்தினேன் என்றால் ஒன்றை எடுத்து இன்னொன்றை வைத்தேன். பேரை மாத்தினேன் என்றால் இருந்ததையே வேறாக்கினேன். அவர் கேட்டது பல்பு. "ஆமாம்மா, பழசு தேஞ்சுபோச்சு." இவ்வளவுதான் பதில். உண்மையும் கூட.

நான் என்ன சொன்னேன்? "வெறுமனே மாத்தலம்மா. உயரம் கூட்டறதுக்குன்னே மாத்தினோம்" என்று ஆரம்பித்தேன். அவளுடைய இடுப்பு வந்தது, டாக்டரின் கட்டளை வந்தது, நாற்காலி வந்தது. பதிலிக்கும் மாற்றத்துக்கும் உள்ள வேறுபாடு வந்தது. செருப்பு எடுத்துக்காட்டைக்கூட விடவில்லை. "அஞ்சு சென்டிமீட்டர் ஏத்தியிருக்கு" என்று எண்ணோடு முடித்தேன். அந்தப் பெண் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார், முதல் பெஞ்ச் மாணவி போல. எத்தனை நாளாயிற்று அப்படி ஒருவர் கேட்டு. எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பேனா பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தது.

"சார், உயரம் கூட்டத்தான் மாத்தினதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இனிமே நான் சரின்னு போட முடியாது. பொறியாளர் பாத்து எழுதித் தரணும். அதுவரைக்கும் வண்டி ரோட்டுல ஓடக் கூடாது." சொல்லிவிட்டு, "மத்ததெல்லாம் ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க" என்றார். தோற்ற பையனிடம் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று நான் சொல்வதுண்டு. அதே குரல்.

ஒரு மதிப்பெண் கேள்வி. நெடுவிடை எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

வண்டியை இழுவை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்பினேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அவள், "என் இடுப்பையும்தான் மாத்தினாங்க. நான் என்ன வேற ஆளா? நல்லா இருக்கே நியாயம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, வேறு குரலில், "ஞாயித்துக்கிழமை?"

"ஒரு வாரம்தானே" என்றேன்.

ஜூன் 14, சனி

பொய் சொல்லவில்லை என்ற திருப்தி இருக்கிறது. இருக்கிறதா?

ஜூன் 15, ஞாயிறு

போகவில்லை. செவிலியின் போனில் பேசினோம்.

"அக்கா, கார் ரிப்பேர்க்கா. சரியானதும் வந்துடறேன்."

"யாரு பேசறது?"

"நான்தான்க்கா."

"நான்தான்னா?"

இவள் பெயரைச் சொன்னாள். சின்ன வயதில் வீட்டில் கூப்பிட்ட பெயரையும் சொன்னாள். அந்தப் பக்கம் போனைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு செவிலி எடுத்து, "நான் சொல்லிடறேம்மா. கார் சரியானதும் தங்கச்சி வருவாங்கன்னு தினமும் சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்றார்.

ஜூன் 18, புதன்

சித்தப்பா வீடு தேடி வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"ஒரு உடைஞ்ச வண்டியில கழட்டின ஒரிஜினல் ஸ்பிரிங் ஒரு செட் கெடக்கு சார். சோதனைக்கு மட்டும் அத மாட்டிக்கிட்டுப் போயிட்டு வந்துடலாம். சான்று கைக்கு வந்த மறுநாளே நம்மளோடத மாட்டித் தர்றேன். ஊருல பாதி வண்டி இப்படித்தான் தேறுது."

"அது பிட்டு அடிச்சுத் தேறுற மாதிரி இல்ல?"

"தேறினா சரிதானே சார்."

உள்ளேயிருந்து அவள் குரல்: "பிட்டோ துண்டோ, மாட்டச் சொல்லுங்க."

"முப்பத்தோரு வருஷம் பசங்க சட்டைக் கைக்குள்ளேருந்து பிட்டை உருவினவன் நான். என்னையே..."

அவள் ஊன்றுகோலோடு வாசல் வரை வந்துவிட்டாள். "இது பரீட்சை இல்லீங்க. என் அக்கா."

சித்தப்பா செருப்பைத் தேடுவது போலத் தலையைக் குனிந்துகொண்டார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது.

மறுத்துவிட்டேன். பொறியாளர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். இந்தப் பகுதிக்கு ஒருவர்தானாம். வரிசைப்படி பார்த்தால் ஜூலை பத்தாம் தேதி. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று அவளிடம் சொன்னேன்.

"பூமிய நீங்க ஆளுங்க. எனக்கு உயரமா ஒரு சீட்டு போதும்."

ஜூன் 22, ஞாயிறு

வாடகைக் கார் சொல்லியிருந்தோம். உயரமான வண்டிதான் வேண்டும் என்று இரண்டு முறை சொல்லியும் வந்தது தாழ்வான வண்டி. இருக்கையில் இரண்டு தலையணை போட்டோம். ஓட்டுநர் பாவம், தானே இறங்கிவந்து பிடித்தார். "என் வண்டியக் கோவிச்சுக்காதீங்கம்மா. நான் ஆறடி. நானே மடக்கித்தான் வச்சிருக்கேன்." இவள் சிரித்தாள். தெருமுனை திரும்புவதற்குள் சிரிப்பு போய், உதட்டைக் கடித்துக்கொண்டாள். வலி. திரும்பிவிட்டோம். எடுத்துப் போகவென்று வைத்திருந்த பழங்களை ஓட்டுநரிடமே கொடுத்தாள்.

பகல் முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் அருகில் உட்கார்ந்து விதிகளைப் பற்றி ஏதோ சொன்னேன்.

ஜூன் 26, வியாழன்

எதிர்வீட்டுப் பல் டாக்டரிடம் பெரிய ஜீப் இருக்கிறது. இன்று வாசலில் பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை கிளினிக் கிடையாது சார். நானே கூட்டிட்டுப் போறேன். ஒரு முக்காலி போட்டா அம்மா ஏறிடுவாங்க."

"வேண்டாம் டாக்டர். ரெண்டு வாரத்துல நம்ம வண்டியே வந்துடும்."

"எனக்கு ஒண்ணும் சிரமம் இல்ல சார்."

"இருக்கட்டும் டாக்டர்."

ஒருவருடைய ஒரே ஓய்வு நாளை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை எழுதும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளிடம் ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லையோ.

ஜூன் 29, ஞாயிறு

போகவில்லை.

ஜூலை 2, புதன்

செவிலி பேசினார். "மொத ரெண்டு ஞாயிறும் காலையிலயே தலை சீவிக்கிட்டு, கதவப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாங்க. போன வாரம் பாக்கல. கவலைப்படாதீங்க, நல்லா சாப்பிடறாங்க, நல்லா தூங்கறாங்க."

செவிலி ஆறுதலாகத்தான் சொன்னார். "போன வாரம் பாக்கல" என்பதை இவள் இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

மாலையில் பல் டாக்டரின் மனைவி எதேச்சையாக ஜீப் பேச்சை எடுத்துவிட்டார். இவள் கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டு வாரம்தானேன்னு..."

"உங்களுக்கு ரெண்டு வாரம். அவளுக்கு எத்தனையோ யாருக்குத் தெரியும்?"

உடனே எதிர்வீட்டுக்குப் போனேன். டாக்டர் நாளை வெளியூர் கிளம்புகிறார். வர ஒரு வாரமாகும். "அன்னிக்கே சொல்லியிருந்தா போயிட்டு வந்திருக்கலாமே சார்" என்றார். குத்திக் காட்டும் மனிதர் இல்லை அவர். உள்ளதைச் சொன்னார்.

ஜூலை 6, ஞாயிறு

மழை. இவள் பழைய துணிகளை மடித்து வைத்தாள். மடித்ததை எடுத்து மறுபடி மடித்தாள்.

ஜூலை 10, வியாழன்

பொறியாளர் பட்டறைக்கு வந்தார். அதிகம் பேசாதவர். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மேலே உள்ள தகட்டு வளைவு வரை டேப் பிடித்து அளந்தார். போனில் இந்த மாடலுக்குக் கம்பெனி சொன்ன உயரத்தைத் தேடி எடுத்தார். மறுபடி அளந்தார்.

"அஞ்சு சென்டிமீட்டர் ஏத்தினதா எழுதியிருக்கு. யார் சொன்னது?"

"நான்தான்" என்றேன். "மெக்கானிக் சொன்னார்."

"எதுலேருந்து அஞ்சு?"

சித்தப்பா கழுத்தைச் சொறிந்தார். "அமுங்கிக் கெடந்ததுலேருந்து சார்."

"அதானே. அமுங்கினது மூணு. அது போக ரெண்டுதான் கூட. விதி இதுக்கு மேலயும் இடம் குடுக்குது." டேப் சர்ரென்று உள்ளே சுருண்டது. "இது மாற்றமே இல்ல சார். குனிஞ்சிருந்த வண்டி நிமிந்திருக்கு, அவ்வளவுதான். அங்கயே யாராவது டேப் வச்சிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும். வாய்ல சொன்னதால வந்த வினை."

எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சித்தப்பா, "நான் அப்பவே சொன்னேன் சார்" என்று ஆரம்பித்து, "நானும்தான் அளக்கல" என்று முடித்தார்.

ஆக, நான் சொன்னது உண்மைகூட இல்லை. பாதி உண்மை கூடாதென்று முழு உண்மை சொல்லப்போனவன், அளக்காத ஓர் எண்ணைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். எத்தனை பையன்களைக் கேட்டிருப்பேன்: உனக்குத் தெரியுமா, யாராவது சொன்னார்களா? என்னைக் கேட்க ஆள் இல்லை. எதுக்குடா வாயத் தொறந்த? கட்டத்துல சரின்னு போடப் போன பொண்ணு. பேனா அங்கதான் நின்னுச்சு.

ஜூலை 11, வெள்ளி

சான்று கிடைத்துவிட்டது. அதே பெண். "நல்லதாப் போச்சு சார். இனிமே அம்மா நிம்மதியாப் போகலாம்" என்று சிரித்தார்.

தலையை ஆட்டினேன். நன்றி சொல்ல மறந்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

விடிந்ததும் கிளம்பினோம். இவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அக்கா என்ன சொல்லித் திட்டுவாள், அதற்கு இவள் என்ன சொல்வாள் என்று ஒத்திகை. "'வழி மறந்துட்டியாடி'ம்பா. 'வழி ஞாபகம் இருந்துச்சு, வண்டிதான் மறந்துடுச்சு'ம்பேன்." நானும் சிரித்தேன்.

கதவைத் திறந்தோம். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மெல்ல எழுந்து நின்றார்.

"வாங்க. உக்காருங்க."

எங்கள் இருவரையும் சேர்த்துச் சொல்கிறார் என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். இரண்டு பேர், அதனால் பன்மை. அடுத்து இவளை மட்டும் பார்த்து, "தூரத்துலேருந்து வர்றீங்களா? களைப்பாத் தெரியறீங்களே" என்றார்.

மரியாதைப் பன்மை. ஒருவரையே பலராக்கி உயர்த்திச் சொல்வது. எத்தனை வகுப்பில் நடத்தியிருப்பேன். உயர்த்தும் என்று நடத்தினேன். ஆளையே இப்படித் தள்ளி நிறுத்தும் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

"அக்கா, நான்தான்க்கா. பாரு."

அக்கா நன்றாகத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, பிறத்தியார் மனம் நோகக் கூடாதே என்பது போல மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா. வாரா வாரம் வருவா. கார் ரிப்பேராம். சரியானதும் வந்துடுவா."

நான் வாயைத் திறந்தேன். கார் சரியாகிவிட்டது, கீழேதான் நிற்கிறது, இதோ இவள்தான் என்று எல்லாம் வரிசையாக வந்தது. இவள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். அக்காவிடம், "வருவாங்க. கண்டிப்பா வருவாங்க" என்றாள். அவளும் 'ங்க' போட்டாள்.

திரும்பும்போது மலைச்சாலை இறங்கி, சமவெளி வந்ததும், "வண்டி நல்லா ஓடுது" என்றாள்.

ஜூலை 14, திங்கள்

மூணு கதவு இருந்துச்சு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம். விட்டாச்சு. சித்தப்பா ஸ்பிரிங்கோட வாசல்ல வந்து நின்னாரு. அனுப்பியாச்சு. டாக்டர் ஜீப்போட வந்தாரு. அதையும் அனுப்பியாச்சு. ஒவ்வொண்ணையும் சாத்தும்போது ஒரு நல்ல காரணம் வச்சிருந்தேன். நேர்மை. மானம். அடுத்தவங்களுக்குத் தொல்லை தரக் கூடாது. எல்லாம் என்னோட காரணம். அக்கா அவளோடது.

செவிலியிடம் கேட்டேன். "சொல்ல முடியாது சார். நீங்க வந்துக்கிட்டே இருந்திருந்தாலும் ஒரு நாள் இப்படி ஆகியிருக்கலாம். இன்னும் ஒரு வருஷம் ஞாபகம் இருந்திருந்தாலும் இருந்திருக்கும்."

இந்தக் கணக்குக்கு விடை எங்கேயும் அச்சிட்டு வைக்கவில்லை. முதலாவதுதான் உண்மை என்று நினைக்க எனக்கு ஆசை. ஆசை இருப்பதாலேயே நம்ப முடியவில்லை.

ஜூலை 19, சனி

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "தப்பு என்னோடதுதான்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "ஏன்னா, நான் அன்னிக்கு என்ன நெனச்சேன்னா" என்று வந்துவிட்டது.

"விளக்காதீங்க" என்றாள். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே. "தப்புன்னு சொன்னீங்கல்ல. அது போதும். மிச்சத்தக் கேக்கத் தெம்பு இல்ல."

ஜூலை 20, ஞாயிறு

போனோம். "வாங்க" என்றார் அக்கா. சென்ற வாரம் வந்ததும் நினைவில் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இவள் இப்போது தங்கை என்று சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் அக்கா பதறுகிறார். என் தங்கை இப்படிக் கிழவி இல்லை என்கிறார். "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேங்க" என்று உட்கார்ந்துகொள்கிறாள். பாவம், யாரோ தனியாக வருகிறார்கள் என்று அக்காவும் இரக்கப்பட்டுப் பேசுகிறார். நான் பெரும்பாலும் வராந்தாவில் நின்றுகொள்கிறேன்.

இன்று இருவரும் தங்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "ரொம்ப வாயாடிங்க. ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்கத் தெரியாது" என்றார் அக்கா.

"அப்படிங்களா?" என்று கேட்டுக்கொண்டாள் இவள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சித்தப்பாவும் கூட வந்தார், பின்பக்கம் ஏதோ சத்தம் வருகிறதென்று. மலைச்சாலையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஸ்பிரிங் இல்ல சார். டிக்கியில பாட்டில் உருளுது" என்றார். வெகு நாளைக்குப் பிறகு இவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வெயில் அதிகம் என்று செவிலி என்னையும் அறைக்குள் உட்காரச் சொன்னார். கதவோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அக்கா இன்று நல்ல தெளிவோடு இருந்தார். இவளிடம் ஒரு குறை சொல்லிக்கொண்டிருந்தார். "தங்கச்சி நல்லவதாங்க. வீட்டுக்காரரும் நல்லவருதான், வாத்தியாரு. ஆனா ஒண்ணு கேட்டா ஒம்போது சொல்வாரு. அவர் பேசி முடிச்சுக் கிளம்பறதுக்குள்ள பொழுது போயிடும். அதான் அவளால வர முடியலபோல."

இவள் என்னைப் பார்க்கவில்லை. "இருக்கும்ங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா கூட்டிட்டு வந்துடுவாருங்க" என்றாள்.

அக்காவின் பார்வை அப்போதுதான் கதவுப் பக்கம் வந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவரு யாரு? உங்க கூட வந்தவரா?"

"கார் ஓட்டிட்டு வந்தேங்க" என்றேன்.

"அப்படியா. ரொம்ப தூரம் ஓட்டியிருப்பீங்களே." செவிலியைக் கூப்பிட்டார். "அந்த டிரைவருக்கும் ஒரு டீ குடும்மா."

வந்தது. குடித்தேன்.